“பாக்கவே இல்லீங்க!”

சைக்கிளை இடித்துவிட்டுக் காரிலிருந்து பதறிப்போய் இறங்குகிறவர் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் இதுதான்: “பாக்கவே இல்லீங்க!” கூடிய கூட்டம் அதை நம்புவதில்லை. பட்டப்பகல், நேரான சாலை, வந்தவரோ ஐந்தரை அடி ஆள். எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? குடித்திருப்பார், செல்போனில் பேசியிருப்பார், இல்லாவிட்டால் துணிந்து பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் பல விபத்துகளில் அவர் சொல்வது உண்மை. பொய்யாக இருந்தால்கூடத் தேவலை என்பேன். பொய்யரைத் தண்டிக்கலாம். கண் திறந்திருந்தும் எதிரில் வருபவரைப் பார்க்காமல் போன நல்ல மனிதரை என்ன செய்வது?

ஃபின்லாந்தில் மிக்கோ ரேசேனன், ஹெய்க்கி சும்மாலா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்குள் இறங்கிப் பார்த்தார்கள். நான்கு நகரங்களில் நடந்த 188 சைக்கிள்–கார் மோதல்களை ஒவ்வொன்றாக அலசி, 1998-இல் வெளியிட்டார்கள். சைக்கிள் பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் அடிக்கடி நடந்தது ஒரே வகை விபத்து. கிளைத்தெருவிலிருந்து வரும் கார் பெரிய சாலையில் வலப்புறம் திரும்பப் பார்க்கிறது. அதே வலப்பக்கத்திலிருந்து பாதையில் ஒரு சைக்கிள் வருகிறது. ஃபின்லாந்தில் வண்டிகள் வலப்புறம் ஓடும். நாம் இடப்புறம் ஓட்டுகிறவர்கள், ஆகவே கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பும் ஓட்டுநருக்கு ஆபத்து வரும் திசை ஒன்றே ஒன்று. அங்கிருந்துதான் கார்களும் லாரிகளும் வரும். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, இடைவெளி கிடைத்ததும் காரை எடுக்கிறார். மறுபக்கத்திலிருந்து வந்த சைக்கிள் பம்பரில் மோதும் வரை அவருக்கு அது உலகத்திலேயே இல்லை. இத்தகைய மோதல்களில், இடிப்பதற்கு முன்னால் சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 சதவீதம்தான்.

சைக்கிளில் வந்தவர்கள் கதை நேர்மாறு. அவர்களில் 68 சதவீதம் பேர் காரைப் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களில் 92 சதவீதம் பேர், சட்டப்படி கார் தனக்கு வழிவிட்டு நிற்கும் என்று நம்பி வந்துகொண்டே இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தன்னைப் பார்த்துவிட்டார் என்று ஒருவர் நம்புகிறார். மற்றவரோ அவர் இருப்பதையே அறியவில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டால், கண்ணைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கையே தவறு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கையை முழுதாக முன்னால் நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு இடத்தைத்தான் உங்கள் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுவில் ஒரு சின்னக் குழி. கூர்ந்த பார்வை முழுதும் அங்கேதான். மற்ற இடமெல்லாம் மங்கல். ஆனாலும் நமக்கு உலகம் மங்கலாகத் தெரிவதில்லை. விழி நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி இடம் மாறுகிறது, மூளை அந்தத் துண்டுகளை ஒட்டி முழுப்படமாக நமக்குக் காட்டுகிறது. விழி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் கணத்தில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்தே வைக்கிறது. அடுத்து எங்கே தாவ வேண்டும் என்பதை முடிவு செய்வது பழக்கம். இந்த இடத்தில் இதுவரை என்ன வந்திருக்கிறதோ, அதைத் தேடித்தான் விழி போகும். வராத ஒன்றைத் தேடாது.

தேடாத ஒன்று கண் முன்னாலேயே வந்து நின்றாலும் தப்பிவிடும் என்பதை 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைப் போட்டார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்துபோனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொரில்லா தெரியவே இல்லை. லண்டன் போக்குவரத்துத் துறை இதே உத்தியை 2008-இல் விளம்பரமாக எடுத்தது. அங்கே கொரில்லாவுக்குப் பதில் பின்னோக்கி வழுக்கி நடனமாடும் கரடி. தேடாததைக் கோட்டைவிடுவது எளிது, சைக்கிள்களைக் கவனியுங்கள் என்று அந்த விளம்பரம் முடிந்தது.

ஆக, சாலையில் சைக்கிள் வரும் என்று எதிர்பார்க்கிற கண் வேறு, எதிர்பார்க்காத கண் வேறு. சைக்கிளும் மிதித்துக் காரும் ஓட்டுகிறவர்கள், சாலைப் படங்களில் ஏற்படும் மாற்றங்களை மற்றவர்களைவிடத் திறமையாகக் கண்டுபிடித்தார்கள் என்று 2017-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த கால், ஸ்டியரிங் பிடிக்கும்போது கண்ணுக்கும் உதவுகிறது. கேள்வி அதற்கு அடுத்தது. சைக்கிளே ஓட்டாதவர்கள் சாலையை நிரப்பிவிட்ட ஊரில் என்ன ஆகும்?

பார்க்காமல் விடுவது ஒரு பக்கம். பார்த்த பிறகு நினைப்பது இன்னொரு பக்கம். சென்னைச் சாலையில் குறுக்கே வந்த சைக்கிள்காரரைப் பார்த்து ஆட்டோவிலிருந்தோ லாரியிலிருந்தோ கிளம்பும் வசவு ஊரறிந்தது: “வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” சாவதற்கென்றே கிளம்பி வந்திருக்கிறாய் என்று பொருள். அந்த வசவுக்குள் ஒரு முழுத் தீர்ப்பு இருக்கிறது. சைக்கிள்காரர் ஏன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார்? ஓரத்தில் மேன்ஹோல் மூடி உள்வாங்கியிருக்கலாம், மணல் சேர்ந்திருக்கலாம், நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்திருக்கலாம். திட்டுகிறவருக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது அந்த ஆளின் புத்தி சரியில்லை என்பதுதான்.

பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2002-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை இதையே ஆராய்ந்தது. ஓட்டுநர்களிடம் சைக்கிள்காரர்களைப் பற்றிக் கேட்டபோது, எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாத கூட்டம் என்றார்கள். காரணம் கேட்டால், அவர்களுக்குப் பொறுப்பில்லை, ஓட்டத் தெரியவில்லை என்ற பதில் வந்தது. சாலை அவர்களை அப்படி ஒடுக்குகிறது என்ற எண்ணம் எழவில்லை. உளவியலில் இது பழைய பாடம். என் தவறுக்குச் சூழ்நிலை காரணம், உன் தவறுக்கு உன் குணம் காரணம். சைக்கிள் ஓட்டாதவருக்கு அந்தச் சூழ்நிலை ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆகவே அவருக்குக் குணம் மட்டுமே தெரிகிறது.

அலெக்ஸா டெல்போஸ்க் என்ற மெல்பர்ன் ஆய்வாளர் தன் குழுவோடு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கசப்பானது. ஆஸ்திரேலியாவில் 442 பேரிடம் குரங்கிலிருந்து மனிதன் வரை நீளும் அந்தப் பழக்கமான படவரிசையைக் காட்டி, சைக்கிள்காரர்களை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சிலரிடம் குரங்குக்குப் பதில் கரப்பான்பூச்சியிலிருந்து மனிதன் வரையிலான வரிசை. சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 சதவீதம் பேர் சைக்கிள்காரர்களை முழு மனிதர் என்ற இடத்துக்குக் கீழேதான் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே 30 சதவீதம் பேர் அப்படி வைத்தது எனக்கு இன்னும் வலித்தது. தன்னைப் பற்றிய ஊராரின் பார்வையை ஒருவர் எவ்வளவு விழுங்கியிருந்தால் இது நடக்கும்! விடை வெறும் விடையாக நிற்கவில்லை. சைக்கிளை வேண்டுமென்றே காரால் மறித்ததாக 17 சதவீதம் பேரும், வேண்டுமென்றே நெருக்கி ஓட்டியதாக 11 சதவீதம் பேரும் தாமே ஒப்புக்கொண்டார்கள். மனித நிலைக்குக் கீழே வைத்தவர்களிடம் இந்த முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது.

நெருக்கி ஓட்டுவதை ஸ்கேல் வைத்து அளந்தவர் ஒருவர் உண்டு. இயன் வாக்கர், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்தவர். 2006-இல் தன் சைக்கிளில் மீயொலி உணரி ஒன்றைப் பொருத்திக்கொண்டு சால்ஸ்பரி, பிரிஸ்டல் சாலைகளில் ஓட்டினார். தன்னைக் கடந்துபோன 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு இடைவெளி விட்டது என்று பதிவு செய்தார். பாதி நேரம் ஹெல்மெட், பாதி நேரம் வெறுந்தலை. ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 செ.மீ. கூடுதலாக நெருங்கி வந்தன. பிறகு நீளமான கூந்தல் சவுரி ஒன்றை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து பார்த்தால் பெண்போல் தெரியும்படி ஓட்டினார். இடைவெளி கூடியது. இந்தச் சோதனையின்போது அவரை ஒரு பேருந்தும் ஒரு லாரியும் இடித்தன.

அவருடைய எண்களை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு புள்ளியியலாளர்கள் மறுபடி ஆராய்ந்து, ஒரு மீட்டருக்கும் குறைவான ஆபத்தான நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹெல்மெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாதிட்டார்கள். விவாதம் இன்றும் முடியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். விழுந்தால் தலையைக் காப்பதில் அதன் பயன் உறுதியானது. எனக்கு முக்கியமாகப் படுவது வாக்கர் குழு 2013-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு. ஏழு விதமான உடைகள். பளிச்சிடும் மஞ்சள் மேலங்கியிலிருந்து, ‘புதிதாகக் கற்பவர், மெதுவாகக் கடக்கவும்’ என்று முதுகில் எழுதியது வரை. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வண்டிகள் கடந்ததை அளந்தார்கள். போலீஸ் என்ற சொல்லோடு, கேமரா பதிவு செய்கிறது என்று எழுதிய மேலங்கி மட்டுமே ஓட்டுநர்களைச் சற்றுத் தள்ளிப் போக வைத்தது. அதுவும் ஐந்து செ.மீ. அளவுக்குத்தான். எந்த உடை போட்டாலும் நூற்றில் ஒன்றிரண்டு வண்டிகள் அரை மீட்டருக்குள் உரசிக்கொண்டு போயின. சைக்கிள்காரரைப் பார்த்து, ‘வெளிச்சமான சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாதா’ என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்த அரை மீட்டரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழியை எங்கே போடுவது என்பதில் நாளிதழ்த் தலைப்புக்குக்கூடப் பங்கு உண்டு. ‘லாரி மோதி மாணவன் பலி’ என்று படித்துப் படித்துப் பழகிவிட்டோம். அதில் லாரி இருக்கிறது, மாணவன் இருக்கிறான், ஓட்டியவரைக் காணோம். அமெரிக்காவில் தாரா கோடார்டும் சக ஆய்வாளர்களும் 2019-இல் 999 பேருக்கு ஒரே விபத்துச் செய்தியை மூன்று விதமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த விபத்தில் அடிபட்டவர் நடந்து சென்றவர். ஒன்றில் அவரே வாக்கியத்தின் நடுவில், இன்னொன்றில் ஓட்டுநர் நடுவில், மூன்றாவதில் அந்தச் சாலையின் பின்னணியும் சேர்ந்திருந்தது. நடந்தது ஒன்றே. ஆனால் முதல் செய்தியைப் படித்தவர்கள் அடிபட்டவரைக் கூடுதலாகக் குறை சொன்னார்கள், மூன்றாவதைப் படித்தவர்கள் சாலையைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். நிருபர் நண்பர்கள் மாலைப் பதிப்புக்கு அவசரமாக எழுதும் ஒரு வரிக்கு இவ்வளவு வலிமை.

இனி பயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒருவர். நல்ல மனிதர், என்மேல் அக்கறை உள்ளவர். நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் கேட்பார்: “எதுக்கு சார் இந்த ரிஸ்க்?” ஒருநாள் தன் மகனைப் பற்றிச் சொன்னார். “பையன் சைக்கிள் கேட்டு உயிரை வாங்கறான் சார். மெயின் ரோடு இருக்கிற லட்சணத்துல எப்படி விடறது? நானே டூ-வீலர்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்.” குரங்கு பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்ற தலைமுறை அவர். வாடகை சைக்கிளுக்குக் காசு சேர்த்தவர். அவருக்குச் சைக்கிள் பிடிக்காமல் இல்லை, பயமாக இருக்கிறது.

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகராட்சியில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர் 2006-இல் தன் ஊர் மக்களை நான்காகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுகிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. பாதை ஓரளவு இருந்தால் ஓட்டுகிறவர்கள் ஏழு பேர். என்ன ஆனாலும் சைக்கிள் பக்கம் வரமாட்டோம் என்பவர்கள் 33 பேர். மிச்சம் 60 பேர் எங்கள் தெருக்காரர் போன்றவர்கள்: ஆசை உண்டு, பயமும் உண்டு. அது அவர் அனுபவத்தில் போட்ட கணக்கு. பின்னர் ஜெனிஃபர் டில், நாதன் மெக்நீல் இருவரும் அமெரிக்காவின் 50 பெரிய நகர்ப்பகுதிகளில் முறையாகக் கேட்டபோது அந்தக் கூட்டம் 51 சதவீதமாக இருந்தது. அனுபவக் கணக்கு வெகுதூரம் பிசகவில்லை.

இந்தப் பயம் மிகையானதா? ஆயுள் கணக்குப் போட்டவர்கள் ஆம் என்பார்கள். நெதர்லாந்து நிலைமையை வைத்து 2010-இல் ஒரு குழு கணக்கிட்டது. தினசரிக் குறுந்தூரப் பயணத்தைக் காரிலிருந்து சைக்கிளுக்கு மாற்றிக்கொண்டால், உடலுழைப்பால் கூடும் ஆயுள் 3 முதல் 14 மாதம். விபத்து ஆபத்தால் குறைவது 5 முதல் 9 நாள். புகையைச் சுவாசிப்பதால் குறைவது ஒரு நாளுக்கும் குறைவிலிருந்து 40 நாள் வரை. லாபம் பல மடங்கு. ஆனால் மனம் இப்படி எடை போடுவதில்லை. பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஆபத்து, நினைத்தாலே கண்முன் விரியும் ஆபத்து, இவை இரண்டும் மனத்தில் ஊதிப் பெருகும். இருபது வருடம் அசையாமல் உட்கார்ந்து வரும் சர்க்கரை நோய்க்குக் காட்சி கிடையாது. முதுகுக்குப் பின்னால் உறுமும் தண்ணீர் லாரிக்கு உண்டு.

இருந்தும், பயப்படுகிறவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. போலீஸ் பதிவேட்டில் ஏறுவது மோதல் மட்டும்தான். மயிரிழையில் தப்பியது எந்த ஏட்டிலும் இல்லை. பிரிட்டனில் ரேச்சல் ஆல்ட்ரெட் என்ற ஆய்வாளர் 2014-இல் அந்த மயிரிழைத் தப்பல்களைச் சேகரித்தார். மணிக்கு 13 கி.மீ.க்கும் குறைவான வேகத்தில் போகிறவர்களுக்கு, 19 கி.மீ.க்கு மேல் விரைகிறவர்களைவிட மைலுக்கு மூன்று மடங்கு திடுக்கிடல்கள் நேர்ந்தன. மெதுவாகப் போகிறவர்கள் யார்? பெண்கள், வயதானவர்கள், பாரம் ஏற்றியவர்கள், பிள்ளைகள். அவர்கள் பயப்படுவதற்கு அனுபவம் இருக்கிறது. சைக்கிள் விபத்துக் கணக்கு சின்னதாகத் தெரிவதற்கே, பயந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சாலையை விட்டுப் போய்விட்டதும் ஒரு காரணம்.

இப்போது சுற்று முழுமையாகத் தெரிகிறது. பயந்தவர் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கோ காருக்கோ போகிறார். சாலையில் ஒரு சைக்கிள் குறைந்து ஒரு மோட்டார் வண்டி கூடுகிறது. சைக்கிள் அரிதாகிறது. அரிதானதைக் கண் தேடுவதில்லை. தேடாத கண் இடிக்கிறது. இடித்த செய்தி இன்னும் நால்வரைப் பயமுறுத்துகிறது.

பீட்டர் ஜேக்கப்சன் என்பவர் இந்தச் சுற்றின் மறுபக்கத்தை 2003-இல் எண்களில் காட்டினார். கலிஃபோர்னிய நகரங்கள், டென்மார்க் ஊர்கள், ஐரோப்பிய நாடுகள் என்று பல இடத்துக் கணக்கை ஒப்பிட்டார். ஓர் ஊரில் நடப்பவர்களோ சைக்கிள் ஓட்டுபவர்களோ இரண்டு மடங்கானால் மோதல்களும் இரண்டு மடங்காக வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. அப்படியானால் தனி ஒருவருக்கு உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கூட்டம் கூடியதால் பாதுகாப்பு வந்ததா, பாதுகாப்பான சாலை இருந்ததால் கூட்டம் கூடியதா என்ற கேள்வியை இந்தக் கணக்கு தீர்க்காது. இரண்டுமே உண்டு என்பதே என் எண்ணம்.

சுற்றை எங்கே அறுப்பது? விழிப்புணர்வு வாரம், பதாகை, உறுதிமொழி எல்லாம் நமக்குப் பழக்கம். ஹெல்சிங்கியில் சும்மாலா குழுவினர் வேறொன்றைக் கண்டார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வில், முச்சந்திகளில் மறைவாக வீடியோ கேமரா வைத்து, திரும்பும் ஓட்டுநர்களின் தலை எந்தப் பக்கம் எப்போது திரும்புகிறது என்று பார்த்தார்கள். வழக்கம்போலவே சைக்கிள் வரும் பக்கம் பார்ப்பது குறைவு, பார்த்தாலும் தாமதம். பிறகு சில இடங்களில் சந்திக்கு முன்னால் வேகத்தடை போட்டார்கள். சைக்கிள் கடக்கும் பாதையை மேடாக்கினார்கள். நின்று போகச் சொல்லும் பலகை வைத்தார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. ஆனால் தலைகள் திரும்ப ஆரம்பித்தன. வேகம் குறைந்ததும் கண்ணுக்கு மறுபக்கம் பார்க்க நேரம் கிடைத்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத மேடு, கண் தேடும் இடத்தையே மாற்றிவிட்டது. இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான்.

நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று நினைப்பவர்கள் அந்த நாட்டின் 1971-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஒரே ஆண்டில் சாலையில் இறந்தவர்கள் 3,300-ஐ நெருங்கினார்கள். குழந்தைகள் மட்டும் நானூறுக்கும் மேல். கார் பெருகி, சைக்கிள் ஒதுங்கிக்கொண்டிருந்த காலம். மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று தலைப்பிட்டு 1972-இல் எழுதினார். விபத்து என்று எழுதியிருக்கலாம், அவர் கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், குழந்தைகளோடு ஊர்வலம் போனார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது, நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிள் விட்டுப் பார்த்தார்கள். அதன்பின் ஊர் ஊராகச் சைக்கிளுக்குத் தனிப் பாதை, குடியிருப்புத் தெருக்களில் வேகக்குறைப்பு. இன்று அங்கே மொத்தப் பயணங்களில் கால்வாசிக்கும் மேல் சைக்கிளில். மொத்தச் சாலை மரணம் ஆண்டுக்கு 700 அளவில் நிற்கிறது. குறை இல்லாமல் இல்லை. மின்சார சைக்கிளில் விழும் முதியவர்கள் இப்போது அவர்களின் புதிய கவலை.

ஸ்பெயினின் செவில் நகரம் இன்னும் வேகமாக மாறியது. 2006-இல் தொடங்கி ஓரிரு ஆண்டுகளில், ஒன்றோடொன்று இணைந்த, காரிலிருந்து பிரிக்கப்பட்ட பச்சைப் பாதைகளை 80 கி.மீ. அளவுக்கு ஒரே மூச்சில் போட்டார்கள். சைக்கிள் யாரும் ஓட்டாத ஊரில் பாதை எதற்கு என்று கேட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நாளுக்குச் சில ஆயிரமாக இருந்த சைக்கிள் பயணங்கள் எழுபதாயிரம் அளவுக்கு உயர்ந்தன. ஒரு பயணத்துக்கான ஆபத்து குறைந்தது.

பார்வை மாறுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1991-இல் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைப்பில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பொம்பளை சைக்கிள் ஓட்டுவதா என்று வழியில் நின்று கேலி பேசினார்கள். ஒருத்தி ஓட்டினால் கேலி பேசலாம். ஊரே ஓட்டினால்? தண்ணீர் எடுக்க, வயலுக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கிளம்பியபோது கேலி அடங்கியது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு, பிறகு அதை மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. ஆண்டுதோறும் கிராமத்துச் சாலைகளில் அந்தப் புது சைக்கிள்கள் வரிசையாகப் போவதைப் பார்க்க மனம் நிறையும். ஆனால் அரசு சைக்கிளைத்தான் கொடுத்தது, சாலையில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சரளைக்கும் லாரிக்கும் நடுவில் அந்தப் பிள்ளை போகிறது.

சாலையை வரைகிற பொறியாளர், நிதி ஒதுக்குகிற அதிகாரி, தீர்ப்பு எழுதுகிற நீதிபதி, செய்தி எழுதுகிற நிருபர், இவர்களில் பெரும்பாலோர் இன்று சைக்கிள் ஓட்டுவதில்லை. அவர்கள் மனத்தில் சைக்கிளுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் ஜல்லியிலும் தாரிலும் வருகிறது.

உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போகும் வழியில் கிளைத்தெரு வந்து பெரிய சாலையில் சேரும் முச்சந்தி ஒன்று நிச்சயம் இருக்கும். காலை எட்டரை மணிக்கு அங்கே பத்து நிமிடம் நின்று, திரும்பும் வண்டிகளில் எத்தனை பேர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய கையோடு, அந்தக் கிளைத்தெருவின் வாயில் கோடு பூசிய, இரவிலும் தெரியும் வேகத்தடை ஒன்று வேண்டும் என்று உங்கள் வார்டு கவுன்சிலருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ மனு எழுதுங்கள். நீங்கள் சைக்கிள் ஓட்டாதவராக இருந்தால் அவசியம் எழுதுங்கள். உங்கள் கையெழுத்துக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.